கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்தேன்

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளை நான் இதுவரை மூன்று முறை தள்ளி வைத்திருக்கிறேன். முதல் முறை, என் வீட்டுக்காரரை வேலைக்குக் கிளப்ப. இரண்டாவது முறை, இரண்டு நாளைக்கென்று வந்து இருபது நாள் தங்கிவிட்ட என் நாத்தனாரைக் கடைசி பஸ்ஸுக்கு விரட்ட. இரண்டு முறையும் காரியம் நன்றாகவே முடிந்தது. அந்தத் திமிரில்தான் மூன்றாவது முறையும் கை வைத்தேன். அது என் பேத்தி உயிரைக் கொடுத்துச் செய்த ஒரு வேலையை விழுங்கிவிடப் பார்த்தது.

திருக்கழுக்குன்றத்தில் மலைப் படிக்கட்டுக்குக் கீழே பூ விற்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. நாற்று நட்ட கை, பிறகு பூ கட்டப் பழகியது. என் மகன் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். அவன் பெண் செங்கல்பட்டில் காலேஜில் பிசிக்ஸ் படிக்கிறாள். எங்கள் வகையறாவில் பிசிக்ஸ் என்ற சொல்லை வாயில் வைத்த முதல் ஆள் அவள்தான். பந்து ஏன் கீழே விழுகிறது என்று படிப்பதுதான் பிசிக்ஸ் என்று சொன்னாள். விட்டால் விழத்தானே செய்யும் என்றேன். அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

போன கோடைக்கு முன்னால் அவள் காலேஜில் ஒரு செய்தி சொன்னார்கள். கடற்கரைப் பக்கம் இருக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கோடை லீவில் இரண்டு மாதம் வேலை பழகலாம். ஒரே ஓர் இடம்தான். அதற்கு ஒரு பரீட்சை. பேனாவும் பேப்பரும் வைத்து எழுதுகிற பரீட்சை இல்லை. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஓடுகிற ஒரு பிசிக்ஸ் லைப்ரரி இருக்கிறதாம். அதை விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று வகைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றி, ஓட விட்டுக் காட்ட வேண்டும். எங்கே இடித்தது, எப்படிச் சரி செய்தோம் என்று ஒளிக்காமல் எழுதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஏழு அடித்துவிட்டால் கதவு மூடிவிடும்.

"லைப்ரரின்னா இன்னாமே? பொஸ்தகம் அடுக்கி வெச்சிகீறதா?"

"அதில்ல ஆயா. பெரிய பெரிய கணக்கெல்லாம் யாரோ முன்னாடியே போட்டு வெச்சிக்கீறாங்க. நாம எடுத்து யூஸ் பண்ணிக்கலாம்."

"அப்பறம் இன்னா? எடுத்துக்க வேண்டிதுதான?"

"அது அப்பிடியே வராது. உதிரியா கீது. நம்ம மிஷினுக்கு ஏத்த மாதிரி கட்டணும். அதுக்குப் பேரு கம்பைல்."

இந்த இடத்தில் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உதிரிப் பூவாக வருகிறது. நார் எடுத்து நாம் கட்ட வேண்டும். பிள்ளையார் கழுத்து வேறு, அம்மன் கழுத்து வேறு, கல்யாண மாப்பிள்ளை கழுத்து வேறு. ஒருவருக்குக் கட்டிய மாலை இன்னொருவருக்குத் தொங்கும், இல்லையென்றால் இறுக்கும். கடையில் கட்டி விற்கிற மாலை பொருந்தினால் யோகம். பொருந்தவில்லை என்றால் உதிரி வாங்கி உட்கார வேண்டியதுதான். இதைச் சொன்னதும் பேத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சார் ஒரு மணி நேரம் சொன்னாரு ஆயா, இவ்ளோ நல்லா புரியல" என்றாள். அதிலிருந்து நானும் அந்தப் பரீட்சையில் பங்குதாரர் ஆகிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான்.

அவளிடம் இருந்தது ஒரு பழைய லேப்டாப். அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப், பெரியப்பா மகள் படித்து முடித்துவிட்டு இவளுக்குக் கொடுத்தது. பேட்டரி செத்துவிட்டது. ஒயரைச் செருகினால் உயிர், பிடுங்கினால் பிணம். அதற்குள் விண்டோஸும் லினக்ஸும் குடியிருந்தன. தட்டியதும் யார் வரட்டும் என்று கேட்கும். ஒரு வீட்டில் இரண்டு மருமகள் மாதிரி, ஒருத்தி அடுப்படியில் இருந்தால் மற்றவள் எட்டிப் பார்க்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை விண்டோஸ். கட்டிய மாலையே கிடைக்கும் என்று பார்த்தாள். இவள் பைத்தான் புதுசு, இருந்த மாலை பழைய பைத்தானுக்குக் கட்டியது, சேரவில்லை. சரி, உதிரியைக் கட்டலாம் என்றால், கட்டுகிற கருவியையே முதலில் இறக்க வேண்டும் என்றது. அது யானை கனம். அவள் போனில் அன்றைய நெட் தீர்ந்தது, அம்மா போனில் தீர்ந்தது, அப்பன் டூட்டி முடிந்து வந்ததும் சட்டைப் பையில் கை விட்டு அவன் போனையும் உருவினாள். இடம் போதவில்லை என்று மூன்று சினிமாவையும், யாரோ ஒரு பிள்ளைக்குக் காது குத்தின வீடியோவையும் அழித்தாள்.

இவ்வளவுக்கும் அப்புறம் எதையோ காணவில்லை, காணவில்லை என்றே கத்திக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால், எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட வேண்டும் என்று அவள் அம்மா சொன்னதைக் கேட்டு, வேலை வைத்திருந்த போல்டருக்கே 'உ' என்று பெயர் வைத்திருந்தாள். கட்டுகிற கருவிக்கு அந்த எழுத்து தெரியவில்லை. பெயரை மாற்றியதும் வேலை செய்தது.

"புள்ளையார எடுத்துட்டியா?" என்று என் மருமகள் முகம் வாடிப்போனாள்.

"எடுக்கலமா, எடம் மாத்தி வெச்சிருக்கேன்" என்று சொல்லி, மஞ்சளைத் தொட்டு லேப்டாப் மூடியின் மேல் சுழி போட்டாள் பேத்தி. அம்மாவும் சமாதானம், கம்ப்யூட்டரும் சமாதானம். கட்டி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அந்த ஒன்றேகாலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சனிக்கிழமை மேக். எங்கள் தெருவில் மேக் வைத்திருக்கிற ஆள் கிடையாது. மாமல்லபுரத்தில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற ஒருவர், எங்களுக்குத் தூரத்து முறையில் உறவு, அவரிடம் இருந்தது. பெண்ணைத் தனியாக ஸ்டுடியோவுக்கு அனுப்ப மருமகளுக்கு மனசில்லை. காவலுக்கு நான். பூக்கூடையையும் தூக்கிக்கொண்டேன், பொழுது போக வேண்டுமே.

அந்த மனிதர் மேக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆயா, சொல்லிட்டேன். இதுல ரெண்டு கல்யாணம் கீது. அழிஞ்சி போச்சுன்னா பொண்ணூட்டு ஆளுங்க என்ன பாறைமேல இட்டுனு போயி உருட்டி வுட்டுருவாங்க."

"ஒண்ணும் ஆவாதுப்பா. அழிஞ்சா அழிஞ்சிது, இன்னொரு வாட்டி தாலி கட்டச் சொல்லு. மாப்பிள வோணாம்னா சொல்லப் போறான்?"

"பொண்ணு சொல்லிடும் ஆயா. ஒரு மாசம் ஆயிடுச்சி."

பேத்தி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு நாற்காலியை விட்டுக் கொடுத்தார். திரையில் ஒரு பாதியில் கல்யாணப் பெண் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள். மறு பாதியில் எழுத்து மழையாகக் கொட்டியது. மேக்குக்கும் கருவி இறக்க வேண்டியிருந்தது, ஆனால் அங்கே நெட் ஓட்டமாக இருந்தது. நான் நான்கு முழம் கட்டுவதற்குள் லைப்ரரி கட்டி முடிந்தது. ஓட விட்டாள். ஒரு கயிற்றில் தொங்குகிற பந்து இங்கும் அங்கும் ஊஞ்சல் ஆடியது. அவ்வளவுதான் பரீட்சை. பந்து ஆட வேண்டும்.

பேத்தி குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் தன் பாட்டைச் சொல்லிப் புலம்பினார். அந்தக் கல்யாணத்தை இரண்டு கேமராவில் எடுத்தார்களாம். ஒரு கேமராவில் மணியை யாரோ தள்ளி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் மணியைப் பார்த்துத்தான் வரிசை கட்டுமாம்.

"ஒரே பேஜாரு ஆயா. தாலி கட்றதுக்கு முன்னாடியே பந்தில பாயசம் ஊத்திகினு கீறாங்க. அது நான் சொன்னா கேக்கமாட்டேங்குது. மணி இன்னா சொல்லுதோ அதான் அதுக்கு வேதம்."

நான் அதைக் கேட்டு, பாயசம் முக்கியம்தானே என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ். மூன்றில் அதுதான் சுலபம் என்று அவள் காலையில் தலைக்குக் குளித்து, நாஸ்தா முடித்துவிட்டு உட்கார்ந்தாள். ஒயரைச் செருகினாள். கரண்டு போனது. கம்பம் மாற்றுகிறார்களாம். பத்து மணிக்குப் போனது, பன்னிரண்டுக்கு வரும் என்றார்கள், இரண்டுக்கு வரும் என்றார்கள். பேட்டரி இல்லாத லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, கோழி முட்டை மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெருவிலும் கரண்டு இல்லை. வெயில் வேறு. மருமகள் பின்கட்டில் பாயைப் போட்டுப் படுத்துத் தூங்கிப்போனாள்.

கரண்டு வந்தபோது மணி நான்கரை. பேத்தி துள்ளி எழுந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கரையிலிருந்து ஆறு வரைக்கும் ராகு காலம்.

என் மருமகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நல்லவள், பேச்சு கம்மி, ராகு காலத்தில் பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்க மாட்டாள். நான் இதை வைத்து ஊரெல்லாம் கிண்டல் பண்ணியிருக்கிறேன். ஆனால் காரணம் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் டீச்சர் டிரெய்னிங்குக்கு ஃபாரம் போட்டாள். நல்ல மார்க்கு. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கொண்டு போய்த் தபாலில் சேர்த்தாள். பதில் வரவேயில்லை. எந்த மேசைக்கு அடியில் அந்த ஃபாரம் தூங்கியதோ, யார் காலில் மிதிபட்டதோ. அடுத்த வருஷம் அவளுக்கு என் மகனோடு கல்யாணம். ராகு காலத்தில் போட்டேன், அதனால் போயிற்று என்று அவள் சொல்லிக்கொள்வாள். யாரோ ஒருவன் அவள் ஃபாரத்தைத் தொலைத்தான் என்பதைவிட, ராகு தின்றான் என்று நினைப்பது அவளுக்கு லேசாக இருந்திருக்கும். மனுஷன் மேல் கோபப்பட்டால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது?

அப்படிப்பட்டவள் மகளை இந்த நேரத்தில் தொடங்க விடுவாளா? ஆறு மணிக்குத் தொடங்கு என்பாள். ஆறும் ஒன்றேகாலும் ஏழேகால். ஏழுக்குக் கதவு மூடிவிடும்.

"ஆயா, அம்மா எழுந்தா இன்னா பண்றது?" பேத்தி குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"எழுந்தா மணி ஆறுன்னு சொல்லுவோம்."

"பொய்யா?"

"பொய்யி இன்னாத்துக்கு? கடிகாரம் சொல்லட்டும். நம்ம வாயால ஏன் சொல்லணும்?"

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். என் முட்டி கத்தியது, நான் கத்தவில்லை. முள்ளை ஒன்றரை மணி நேரம் தள்ளினேன். ஆறு அடித்து ஐந்து நிமிஷம். மருமகள் போன் கரண்டு இல்லாமல் செத்துக் கிடந்தது, அதை அப்படியே விட்டோம். பிறகுதான் லேப்டாப் மூலையில் சின்னதாக மணி ஓடுவதைப் பார்த்தேன். மருமகள் எழுந்து மகள் பக்கத்தில் வந்தால் அதைத்தான் பார்ப்பாள்.

"அதயும் தள்ளுமே."

"ஆயா, அது தானா சரியான மணி வெச்சிக்கும்."

"நீ சொன்னா கேக்காதா? நீதான அதுக்கு மொதலாளி?"

கேட்டது. தானாக வைத்துக்கொள்கிற பழக்கத்தை நிறுத்திவிட்டு, ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்தாள். கட்டுகிற வேலை தொடங்கியது. எழுத்து மழை கொட்டியது. நானும் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு கதம்பம் கட்ட ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் மருமகள் எழுந்து வந்தாள். முகத்தைத் துடைத்தபடி சுவரைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். வாசலில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆறேகாலா அத்த?"

"கடிகாரம் அப்பிடித்தான் சொல்லுது."

"ஆறேகாலுக்கு இன்னா இவ்ளோ வெயிலு?"

"சித்திரை மாசமாச்சே. சூரியனுக்கும் லீவு வுட்டாங்க போல, வூட்டுக்குப் போவமாட்டேங்கிறாரு."

அவள் லேப்டாப் மூலையை எட்டிப் பார்த்தாள். விளக்கேற்றப் போகாமல் டீ போடப் போனாள். ஆறேகால் என்றால் அவள் முதலில் விளக்கைத்தான் ஏற்றுவாள். எனக்கு அது அப்போதே உறைத்திருக்க வேண்டும். நாம் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் புத்தி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

உண்மையான மணி ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கட்டி முடிந்தது. பேத்தி போன் மணியையும் லேப்டாப் மணியையும் மாறி மாறிப் பார்த்துத் தவித்தாள். "ஏழு மணிக்குள்ள அனுப்பணும் ஆயா, இதுல தப்பு மணி ஓடிச்சின்னா எனக்குக் கொழப்பமா கீது" என்று லேப்டாப் மணியைப் பழையபடி சரியாக வைத்தாள். பிறகு பந்தை ஓட விட்டாள்.

பந்து ஊஞ்சல் ஆடவில்லை. கயிற்றைப் பிய்த்துக்கொண்டு திரைக்கு வெளியே ஓடிப்போனது.

அவள் பயப்படவில்லை. இது அவள் சார் கொடுத்த தாளிலேயே இருந்தது. லினக்ஸில் ஒரு ஃபைலில் ஒரு வரியை மாற்ற வேண்டி வரலாம், மாற்றிவிட்டு மறுபடி கம்பைல் செய்தால் அந்த ஃபைலை மட்டும் கட்டும், ரெண்டு நிமிஷ வேலை என்று. மாற்றினாள். கம்பைல் கொடுத்தாள். நான் ஒரு பூவை எடுத்து நாரில் வைப்பதற்குள் முடிந்துவிட்டது என்று சொல்லியது. ஓட விட்டாள். பந்து ஓடிப்போனது.

வரியைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. வேறு மாதிரி எழுதிப் பார்த்தாள். ஓடிப்போனது. வேண்டுமென்றே தப்பாக எழுதிப் பார்த்தாள், திட்டுகிறதா என்று. திட்டவும் இல்லை. அதே பந்து, அதே ஓட்டம்.

"நான் இன்னா மாத்தினாலும் அது கண்டுக்கவே இல்ல ஆயா. எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்ல இருந்து கட்டினா ஒண்ணேகால் மணி நேரம். இப்பவே ஆறு இருவது."

கண்ணில் தண்ணீர் நிறைந்து, விழாமல் நின்றது. அழுதால் திரை தெரியாது என்று அடக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்தால் ஜோக்கு வரும் எனக்கு. அன்றைக்கு வரவில்லை.

நார் கையில் அப்படியே நின்றது. அவள் சொன்ன சொல்லே காதில் சுற்றியது. நான் சொன்னா கேக்கமாட்டேங்குது. இதே சொல்லை நான் எங்கேயோ கேட்டேன். நேற்றுதான். பாயசம். தாலிக்கு முன்னால் பாயசம். மணி இன்னா சொல்லுதோ அதான் அதுக்கு வேதம்.

நாரைக் கீழே வைத்தேன்.

"ஏம்மே, ஒண்ணு கேக்கறேன், திட்டாத. நீ கட்டினப்ப அதும்மேல மணி எழுதி வெச்சிருக்குமா? எப்ப கட்டினோம்னு?"

"இருக்கும்."

"எத்தினி மணின்னு இருக்கும்?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏழேகால், ஏழு இருவது... ஆயா! கட்டினதுல ஏழு இருவதுன்னு கீது. நான் திருத்தினது ஆறேகால். திருத்தினது பழசு, கட்டினது புதுசுன்னு நெனச்சிகினு கீது. அதான் தொடவே மாட்டேங்குது!"

பூ கட்டுகிறவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏழு இருபதுக்குக் கட்டிய மாலை கையில் இருக்கும்போது, ஆறேகாலுக்கு வந்த பூவை யார் சீண்டுவார்கள்? அந்தப் பாவப்பட்ட மிஷின் ஒழுங்காகத்தான் யோசித்தது. அதற்குப் பொய் மணி சொன்னது யார்? ஸ்டூல் போட்டு ஏறின இந்தக் கிழவி.

இப்போது மருமகளிடம் சொல்லியாக வேண்டும். மணியை மறுபடி நோண்டாமல் இது தீராது போல இருந்தது. நோண்டும்போது அவள் வந்து பார்த்தால் ஏன் என்பாள். அதைவிட, அந்தப் பிள்ளையின் ஒரு நாளை நான் இப்படிப் பாழாக்கிவிட்டு, அவள் அம்மாவிடம் மூடி மறைத்துக்கொண்டு உட்கார எனக்கு மனசு வரவில்லை. அடுப்படிக்குப் போனேன். அவள் ஏதும் செய்யாமல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"ஏம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். புள்ள மேல கோவிக்காத. அவ வோணாம்னுதான் சொன்னா" என்றேன். பேத்தி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் சொன்னேன். "கடிகாரத்த நான்தான்..."

"தெரியும் அத்த."

"இன்னா தெரியும்?"

"வெளிய வெயிலு பல்ல இளிச்சிகினு கீது, ஆறேகாலாம். நான் இன்னா குருடா? ஸ்டூல் இழுத்த சத்தத்துலயே எழுந்துட்டேன்."

"எழுந்துட்டு?"

"கண்ண மூடிகினு படுத்துகினு இருந்தேன்." அவள் புடவை முனையைத் திருகினாள். "எழுந்து வந்தா நான் வோணாம்னு சொல்லணும். சொல்லாம இருக்க என்னால முடியாது. அவ இதுக்காக மூணு நாளா சரியா சோறு துண்ணாம கீறா. அதான், நீங்க ஏமாத்திட்டீங்க, நான் ஏமாந்துட்டேன்னு இருக்கட்டும்னு வுட்டுட்டேன். பாவம் வந்தா உங்க தலைல போவட்டும்."

இருபத்திரண்டு வருஷமாக ஒரே அடுப்பில் சமைக்கிறோம். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என் தலைலயா? நல்ல எடம் பார்த்துதான் எறக்கி வெச்சிருக்க" என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியிருந்தது.

"இப்ப இன்னா ஆச்சி அத்த? போயிடுச்சா? நெஜமாவே போயிடுச்சா?"

உள்ளேயிருந்து பேத்தி கத்தினாள். "போகல! அம்மா, மணி இப்ப நெஜமா எத்தினி?"

"ஆறு இருபத்தஞ்சி. ராகு காலம் முடிஞ்சி போச்சி," என்றாள் மருமகள், கடிகாரத்தையோ போனையோ பார்க்காமலே. எவ்வளவு நேரமாக மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாளோ.

"மா, மறுபடியும் லேப்டாப் மணிய முன்னாடி தள்ளணும். ஏழு இருவதுக்கு மேல கொண்டு போயிட்டா, அப்ப நான் திருத்தறது புதுசுன்னு அது நம்பும். தள்ளட்டுமா?"

வீட்டில் யாரும் மருமகளிடம் இப்படி அனுமதி கேட்டதில்லை. நான் கேட்டதேயில்லை. மருமகள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் போய் நின்றாள். லேப்டாப் மூடியில் போட்டிருந்த மஞ்சள் சுழியை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தள்ளு" என்றாள்.

தள்ளினாள். எட்டு மணி என்று வைத்தாள். அந்த வரியை மறுபடி சரியாக எழுதிச் சேமித்தாள். கம்பைல் கொடுத்தாள். இந்த முறை கண்ணிமைக்கிற நேரத்தில் முடியவில்லை. நின்று, யோசித்து, அந்த ஒரு ஃபைலைப் பிரித்து மறுபடி கட்டியது. இரண்டு நிமிஷம். நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பால் பொங்கக் காத்திருக்கிற மாதிரி.

ஓட விட்டாள். பந்து ஒரு பக்கம் போனது. திரை ஓரத்துக்குப் போனபோது மருமகள் என் கையைப் பிடித்தாள். பந்து நின்றது. திரும்பி வந்தது. மறு பக்கம் போனது. திரும்பி வந்தது.

"இவ்ளோதானா?" என்றாள் மருமகள்.

"இவ்ளோதான்மா."

"நல்லா ஆடுது" என்றாள். பந்து ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேத்தி மணியைச் சரியாக வைத்துவிட்டு, குறிப்பை வேகமாகத் தட்டினாள். எங்கே இடித்தது என்று ஒளிக்காமல் எழுத வேண்டுமே. பிள்ளையார் சுழி போட்ட போல்டரை எழுதினாள். கடிகாரத்தை எழுதும்போது நின்றாள்.

"ஏன் மணிய மாத்துனன்னு இன்னான்னு எழுதறது?"

"ஆயா கெடுத்தான்னு எழுது."

"அப்பிடி எழுதக் கூடாது ஆயா." யோசித்தாள். "குடும்பக் காரணம்னு போடறேன்."

ஏழுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள். அவள் அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் மருமகள் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைச் சரியான மணிக்குத் திருப்பி வைத்தாள். இறங்கி, விளக்கேற்றப் போனாள்.

பதில் இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்தது. காலை எட்டு மணி. பேத்தி போன் சத்தம் போட்டது, எடுத்துப் பார்த்தாள், மெயில் வந்திருக்கிறது என்றாள். மருமகள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள்.

"ஏழரைல இருந்து ஒம்போது வரைக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பேத்தி போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்த வயசில் நானாக இருந்தால் குளியலறைக்குள் எடுத்துக்கொண்டு போய்ப் படித்திருப்பேன். அவள் போனைத் தொடவில்லை. அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தாள், எல்லாவற்றையும் தரையில் துருவினாள்.

நான் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து சாமந்தி கட்டினேன். ஸ்டூல் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. மருமகள் அடிக்கடி எட்டிப் பார்த்தாள், முள்ளை இல்லை, என்னைத்தான். நான் கையைத் தூக்கிக் காட்டினேன், பூவும் நாரும்தான் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று.

எட்டரை ஆனது. எட்டு நாற்பது ஆனது. ஒரு முழம் கட்டும் நேரத்தில் முள் இவ்வளவு மெதுவாகப் போகும் என்று எனக்குத் தெரியாது. மகன் டூட்டிக்குக் கிளம்பியவன் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான், ஒரு நாள் பஸ் லேட்டானால் ஒன்றும் ஆகாது என்று.

ஒன்பது அடித்தது. யாரும் அசையவில்லை. மருமகள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் ரெண்டு நிமிசம் போவட்டும். நம்ம கடிகாரத்த நம்ப முடியாது" என்றாள், என்னைப் பார்க்காமல்.

இரண்டு நிமிஷம் போனது. பேத்தி திறந்தாள். இடம் கிடைத்திருந்தது. கீழே அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்காரர் ஒரு வரி எழுதியிருந்தார். பேத்தி அதை இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

குடும்பக் காரணம் என்னவென்று நேரில் வரும்போது சொல்லவும்.